பூச்சிநூற் புலவர் ஃபாபர்

தோற்றுவாய்

குலத்தொழில் கல்லாமலே கைவரும் என்பது நம்மவர் பலர் நாவிலும் பயின்றுவரும் ஒரு கொள்கை. தச்சன் மகன் உளியோடும், கணக்கன் மகன் ஏட்டோடும் பிறந்தாற்போலப் பேசுகின்றோம். இதன்கண் உண்மை சிறிதும் இல்லை என்று யாம் கூற வரவில்லை. தந்தை செய்யும் தொழிலைத் தவழும் பருவந்தொட்டுக் கண்டு வளரும் மகனுக்கு அத்தொழில் எளிதாதல் இயல்பே. ஆயினும், அவ்வெளிமை இரத்தத்தின் வழி வந்ததோ, கண்ணின் வழி வந்ததோ என ஆராய்வார் நம்முள் மிகச் சிலரே.

தம் குலத்தில் எவரும் கனவிலும் கருதாத ஒரு துறையில் புகுந்து, உலகம் போற்றும் புலமை எய்தியவர் வரலாற்றைக் காணுமிடத்து இவ்வையம் தெளிவாகும். அத்தகையாருள் ஒருவர் பிரான்சு நாட்டில் 1823 முதல் 1915 வரை வாழ்ந்த ழான் ஹென்றி ஃபாபர் என்னும் பெரியார். குளவியும் வண்டும் சிள்வண்டும் எவ்வாறு வாழ்கின்றன என்பதை அவற்றின் அருகிருந்து கண்டு எழுதியவர். வாழ்நாளில் பல்லாண்டு எம்மைப்போல் பள்ளியாசிரியராக இருந்தவர். இளமையில் வெட்டவெளியில் கண்டவை ஒருவன் வாழ்நாள் முழுவதையும் எவ்வாறு நடத்திச் செல்லும் என்பதற்கு இவர் வரலாற்றினும் சிறந்த சான்று யாம் கண்டிலோம். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பாட்டனார் வீடு

பிரான்சின் தென்பகுதியில் ரூவெர்க் என்னும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. குளிர் மிக்கது; புன்செய்த் தானியமும் ஆடுமாடுமே குடிகளின் வாழ்வுக்கு ஆதாரம். அங்கே செயின்ட் லியோன் என்னும் சிற்றூரில் 1823-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஃபாபர் பிறந்தார். தந்தையார் பெயர் அந்துவான். தாயார் பெயர் விக்துவார். மிக வறிய குடும்பம். தம்பி ஒருவன் பிறந்தபின், இரண்டு குழந்தைகளை ஒருங்கே வளர்த்தல் அரிதாகவே, மூத்த குழந்தையை மலவால் என்னும் இடத்தில் இருந்த பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பிவிட்டனர்.

பாட்டனார் ஆடுமாடுகளின் இயல்பை நன்கு அறிந்தவர். ஆனால், புத்தகம் என்பதைத் திறந்தறியாதவர். தம் பேரன் ஒருநாள் புழுபூச்சிகளை நோக்கிக் காலங்கழிப்பான் என்று எவரேனும் கூறியிருப்பின், அவர் சினந்திருப்பாரேயன்றி மகிழ்ந்திரார். பிற்காலத்தில் ஃபாபர், தம் பூச்சி நாட்டம் முன்னோர் வழி வந்ததோ என்று தாமே ஆராய்ந்தார். தந்தை வழியிலும் தாய் வழியிலும் அதற்கு உரியார் எவரையும் அவர் கண்டிலர்.

அப்பண்ணையில் அவருக்குப் பள்ளி இல்லை. விளையாட்டுப் பொருள் இல்லை. சுற்றிலும் வெளி இருந்தது. ஐந்தாறு வயதிருக்கும்போது ஒருநாள் அச்சிறுவன் சூரியனை நோக்கி நின்று, இவ்வொளியை யான் அனுபவிப்பது வாயாலோ கண்ணாலோ என்று தன்னுள் ஐயுற்றான். வாயை அகலத் திறந்து கண்ணை மூடினான், ஒளி மறைந்தது. வாயை மூடிக் கண்ணைத் திறந்தான், ஒளி தோன்றியது. மீண்டும் அவ்வாறே செய்து பார்த்தான். சூரியனைக் காண்பது கண்ணே என்று துணிந்தான். அன்றிரவு வீட்டாரிடம் தன் முடிவைச் சொன்னபோது அனைவரும் நகைத்தனர். பாட்டியார் மாத்திரம் அன்போடு புன்முறுவல் செய்தார்.

மற்றொரு நாள் அந்தி வேளையில் புதர் ஒன்றிலிருந்து மெல்லிய கிண்கிணி ஒலி போன்ற ஓசை எழுந்தது. அக்காட்டில் ஓநாய் உண்டு என்று கேட்டிருந்தமையால் அச்சமும் உண்டாயிற்று. ஆயினும், அங்கேயே நின்றான். அருகிற் சென்றால் ஓசை அடங்கிற்று. விலகினால் மீண்டும் எழுந்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சென்று காத்திருந்து, இறுதியில் கையை வீசிப் பிடித்தான். அஃது ஒரு வெட்டுக்கிளி. பாடுவது பறவையன்று, இப்பூச்சியே என்று அவன் அறிந்தான். பிறர் சொல்லக் கேட்டு அறியாமல், தானே காத்திருந்து அறிந்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

இவை சிறு நிகழ்ச்சிகளே. ஆனால் அவர் பின்னாளில் செய்த ஆராய்ச்சி ஒவ்வொன்றும் இவ்விரண்டின் வழிப்பட்டதே. ஒன்றை மாற்றிப் பார்த்தல், விடாது காத்திருத்தல் என்னும் இரண்டையும் எந்தக் கல்லூரியும் அவருக்குக் கற்பிக்கவில்லை. பாட்டனார் வீட்டுப் புல்வெளியே கற்பித்தது.

பள்ளியும் குளமும்

ஏழு வயதில் பெற்றோரிடம் திரும்பினார். அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர் அவருடைய ஞானத்தந்தையே. அவ்வாசிரியருக்குத் தொழில் ஒன்றன்று. ஊர்ப் பெரியோர்க்கு முகம் மழிப்பவரும், கோயில் மணி அடிப்பவரும், வழிபாட்டிற் பாடுபவரும், ஊரில் இல்லாத நிலக்கிழார் ஒருவரின் சொத்தைப் பார்த்துக்கொள்பவரும் அவரே. பள்ளி என்பது ஓர் அறை. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை. கதவு திறந்திருந்தால் பன்றிக்குட்டிகளும் கோழிக்குஞ்சுகளும் உள்ளே வந்துவிடும். இத்தகைய பள்ளியில் எழுத்து எளிதில் ஏறவில்லை. தந்தையார் ஒருநாள் பட்டணத்திலிருந்து விலங்குப் படங்களோடு கூடிய எழுத்துத்தாள் ஒன்றை வாங்கி வந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலங்கு. சின்னாட்களில் சிறுவன் அனைத்தையும் படித்துவிட்டான். எழுத்தைத் தேடிப் போகாத மனம் விலங்கைத் தேடிப் போயிற்று. எழுத்து அதன் பின்னே வந்தது.

அவ்வாசிரியர் தம் தோட்ட வேலைக்கும் மாணவரை அழைத்துச் செல்வார். செடிகளைத் தின்னும் நத்தைகளை நசுக்குதல் சிறுவர்களின் பணி. நம் ஃபாபருக்கு நசுக்க மனம் எழவில்லை. வண்ணமும் வரியும் உடைய நத்தைகளைத் தெரிந்தெடுத்துப் பையில் நிரப்பிக்கொள்வான். கல்வி முறைப்படி நோக்கின் அப்பள்ளி மிகக் குறைபாடு உடையது. ஆயினும் சிறுவரை வெளியிலிருந்து பிரிக்காமை அதன் பெருமை.

ஒரு நாள் மலைச்சரிவில் நீலநிற முட்டை ஆறு கிடந்த கூடு ஒன்றைக் கண்டு, ஒரு முட்டையை எடுத்து மெல்லக் கொணர்ந்தான். வழியில் எதிர்ப்பட்ட குருவானவர் அதனைக் கண்டு, அப்பறவையின் பெயரைச் சொல்லி, தாயிடமிருந்து குஞ்சைப் பறித்தல் தகாது என்றும் அறிவுறுத்தினார். அன்று அச்சிறுவன் இரண்டு பாடம் கற்றான். உயிர்களுக்கு ஊறு செய்தலாகாது என்பது ஒன்று. அவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு என்பது மற்றொன்று. இரண்டாவது பாடம் முதற்பாடத்தினும் அவனை மிகுதியும் வியப்பித்தது.

வறுமையை நீக்கும் பொருட்டு வீட்டில் இருபத்துநான்கு வாத்துக்குஞ்சுகளை வளர்த்தனர். அவற்றை மேட்டிலுள்ள குளத்துக்கு ஓட்டிச் செல்லுதல் ஃபாபரின் வேலை. வாத்துகள் நீரில் மேய, சிறுவன் கரையில் மேய்ந்தான். நீரில் கருமணி போன்ற தலைப்பிரட்டைகள். செடியில் வானத்தின் நிறத்தையும் வென்ற நீலவண்டு. கல்லை உடைத்தால் உள்ளே பளிங்குத் துண்டுகள். மணலில் பொன்போல் ஒளிரும் காக்காய்ப்பொன். ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட கல் ஒன்றும் கிட்டிற்று. பண்டைக் கடல்வாழ் உயிரொன்றின் ஓடு கல்லாகிய உரு அது. நம் நாட்டார் சாளக்கிராமம் என்று போற்றும் கல்லும் அவ்வினத்ததே. சட்டைப்பைகள் இரண்டும் நிறைந்தன. மாலையில் அளவிறந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினான்.

வீட்டில் கிடைத்தது வசையே. வாத்து மேய்க்க அனுப்பினால் கல் பொறுக்கி வந்தாய் என்று தந்தையார் கடிந்தார். பை கிழிந்திருத்தலைக் கண்டு தாயார் வருந்தினார். புல்லாயினும் முயலுக்கு ஆகும். கல் எதற்கு ஆகும்? கொணர்ந்த அனைத்தையும் குப்பைமேட்டில் எறியுமாறு பணித்தனர். சிறுவன் கண்ணீரோடு எறிந்தான்.

பெற்றோரை யாம் குறை கூறோம். அடுத்த வேளை உணவே ஐயமாக இருந்த வீட்டில், கிழிந்த பையைத் தைத்தலும் ஒரு செலவே. ஆயினும், அன்று குப்பைமேட்டில் விழுந்தவற்றை ஃபாபர் தம் தொண்ணூற்றோராண்டு வாழ்விலும் மறந்திலர். அவற்றைத் திரும்பப் பொறுக்குவதே அவர் வாழ்வாயிற்று என்னலாம்.

வறுமைக் காலம்

1833-இல் குடும்பம் ரோதே நகருக்குப் பெயர்ந்தது. தந்தையார் காப்பிக்கடை வைத்தார், நடைபெறவில்லை. வேறு நகர்களுக்குச் சென்று அதே தொழிலை முயன்றார், அங்கும் நடைபெறவில்லை. குடும்பம் சிதறிற்று. ஃபாபர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இருப்புப்பாதை வேலையிற் கூலியாளாக மண் சுமந்தார். அந்நாட்களிலும் வழியிற் காணும் வண்டை நின்று நோக்காமல் அவர் சென்றதில்லை.

1840-இல் அவிஞோன் நகரத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு உதவிச் சம்பளத் தேர்வு நடைபெற்றது. ஃபாபர் எழுதினார், முதல்வராகத் தேறினார். உணவும் உறையுளும் கிட்டின. அக்காலத்து அப்பள்ளியில் இயற்கைநூலுக்கு இடமே இல்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொண்டிருக்கும்போது, ஃபாபர் மேசைப் பலகையை மறைவாகக் கொண்டு அரளிக்காயையும் குளவியின் கொடுக்கையும் வண்டின் சிறகுறையையும் ஆராய்ந்துகொண்டிருப்பார். ஆயினும், பாடங்களில் பின்தங்கினாரல்லர். 1842-இல் தேர்வில் வென்று ஆசிரியரானார்.

ஆசிரியர் கற்ற பாடம்

கார்ப்பந்த்ரா என்னும் ஊரில் முதற்பணி. ஆண்டொன்றுக்கு 700 பிராங்கு சம்பளம், வயது பதினெட்டு. வகுப்பறை நிலவறை போல ஈரம் பாய்ந்து இருண்டது. மாணவருள் சிலர் ஆசிரியரின் வயதொத்தவர். பாடத்திட்டத்தில் நில அளவை ஒரு பகுதியாக இருந்தமையால், வேனிற்காலத்தில் மாணவரை ஊர்ப்புறத்துக் கூழாங்கல் நிறைந்த தரிசுக்கு அழைத்துச் சென்றார்.

ஆங்கே ஒரு புதுமை கண்டார். அளவுகோலை நடுமாறு அனுப்பிய மாணவன் இடைவழியில் குனிவான், எதையோ எடுப்பான், வாயில் துரும்பை வைத்து உறிஞ்சுவான். அடுத்தவனும் அவ்வாறே. ஃபாபர் சென்று வினவியபோது செய்தி தெரிந்தது. கல்லின்மேல் மண்ணால் கூடு கட்டும் ஒருவகைத் தேனீ அங்கே மிகுதி. அக்கூட்டைத் துளைத்துத் தேனை உறிஞ்சுதலை அவ்வூர்ச் சிறுவர் அனைவரும் அறிவர். ஆசிரியரும் துரும்பை எடுத்துக்கொண்டார். அன்று அளவை நின்றது, பாடம் நடந்தது. மாணவர் கற்பித்தனர், ஆசிரியர் கற்றார்.

அத்தேனீயைப் பற்றி அறிய விரும்பிப் புத்தகக் கடையிற் பூச்சிநூல் ஒன்றைக் கண்டார். அதன் விலை ஏறத்தாழ அவருடைய ஒரு மாதச் சம்பளம். வாங்கிவிட்டார். அம்மாதம் எவ்வாறு கழிந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நூலைப் பலமுறை படித்து, அதன்கண் இல்லாதது எது என்பதையும் உணர்ந்தார். பூச்சியின் உறுப்புகளை நூல் கூறிற்று. அதன் வாழ்வைக் கூறவில்லை. வாழ்வை எழுதுதல் தமக்குரிய பணி என்று அவர் உள்ளத்தில் விதை விழுந்தது.

ஆயினும், வயிறு வேறு வழி காட்டிற்று. கணிதமும் பௌதிகமும் கற்றால் உயர்ந்த பதவி கிட்டும். ஆதலின் தாமே இரவில் கற்று அவ்விரண்டிலும் பட்டம் பெற்றார். 1849-இல் கார்சிகாத் தீவில் பௌதிக ஆசிரியரானார். அங்கே மொகான் தாந்தோன் என்னும் இயற்கைநூற் பேராசிரியர் அவர் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார். ஒரு நாள் அவர் தையற்பெட்டியிலிருந்து கத்தரியும் ஊசியும் வாங்கி, தட்டில் நீர் வார்த்து, நத்தை ஒன்றை அதனுள் வைத்துப் பிரித்து, உறுப்புகளை ஒவ்வொன்றாக விளக்கிக் காட்டினார். கணிதத்தை விட்டு உயிர்களை ஆராயுமாறும் அறிவுறுத்தினார். ஃபாபர் தம் வாழ்வில் பெற்ற இயற்கைநூற் பாடம் அஃது ஒன்றே. இளமையிற் பையில் நிரப்பிய நத்தையே அப்பாடத்துக்கும் பொருளாக வாய்த்தது.

குளவியும் வண்டும்

1853-இல் அவிஞோன் கல்லூரிக்கு மாறினார். ஏறத்தாழ இருபதாண்டுகள் 1600 பிராங்கு என்னும் ஒரே சம்பளத்தில் அங்கே உழைத்தார். அந்நாளில் லியோன் துஃபூர் என்னும் அறிஞர் எழுதிய கட்டுரை ஒன்று அவர் கைக்கு எட்டிற்று. நம் சிறுவர் தீப்பெட்டியில் வைத்து வளர்க்கும் பொன்வண்டின் இனத்தைச் சேர்ந்த வண்டுகளை ஒரு குளவி பிடித்துத் தன் வளையில் சேர்க்கிறது. அவை நெடுநாள் அழுகாமல் இருக்கின்றன. குளவி அவற்றைக் கொன்று, அழுகாமற் காக்கும் நஞ்சு ஒன்றை ஊட்டுகிறது போலும் என்பது துஃபூர் கருத்து.

ஃபாபர் நூலோடு நின்றாரல்லர். அக்குளவியின் இனத்ததாய்க் கூன்வண்டைப் பிடிக்கும் மற்றொரு குளவியை வெயிலிற் காத்திருந்து கண்டார். இரையை அதன் பிடியிலிருந்து எடுத்துவிட்டு, உயிருள்ள கூன்வண்டை அருகில் இட்டார். குளவி அதனைப் பற்றி, மார்பின் அடிப்பகுதியில் இடம் தேர்ந்து கொட்டிற்று. வண்டு அக்கணமே அசைவற்றது, ஆனால், சாகவில்லை. உடலியக்கத்தை ஆளும் நரம்பு முடிச்சுகள் இவ்வகை வண்டுகளில் ஓரிடத்து நெருங்கியிருத்தலின், ஒரு கொட்டே போதியதாயிற்று. இரை உயிரோடு இருத்தலால் அழுகுவதில்லை. அசையாமையால் குளவியின் முட்டைக்குத் தீங்கில்லை. 1855-இல் இம்முடிவு வெளியாயிற்று. பிரெஞ்சு அறிவியற் கழகம் அடுத்த ஆண்டு பரிசளித்தது. டார்வினும் தம் நூலில் இவரை ஒப்பற்ற நோக்காளர் என்று சிறப்பித்தார்.

வாயை மூடிக் கண்ணைத் திறந்த சிறுவனும், கூன்வண்டை மாற்றி வைத்த அறிஞரும் ஒருவரே என்பது ஈண்டுப் புலனாகும்.

இவ்வாறு காத்திருத்தலை ஊரார் வேறு வகையாகக் கொண்டனர். ஒருகால் காலையில் திராட்சை பறிக்கச் சென்ற பெண்டிர் மூவர், ஓர் ஓடைக்கரைக் கல்லில் இவர் அமர்ந்திருத்தலைக் கண்டனர். மாலையில் திரும்பும்போதும் அதே கல்லில், அதே நிலையில் இருந்தார். பேதை ஒருவன் என்று இரங்கிச் சிலுவைக்குறி இட்டுச் சென்றனர்.

இடுக்கண்

வருவாயைப் பெருக்க எண்ணி, மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து தூய சிவப்புச் சாயம் எடுக்கும் முறையைப் பல்லாண்டு முயன்று கண்டார். பயன் கைகூடும் காலத்தில், 1868-ஐ ஒட்டிச் செருமானியர் அச்சாயத்தைச் செயற்கையாகவே ஆக்கிவிட்டனர். அம்முயற்சி பாழாயிற்று. 1865-இல் பட்டுப்புழு நோயை ஆராய வந்த பாஸ்தேர் இவரை நாடி வந்தார். பட்டுக்கூட்டை அதற்குமுன் கண்டறியாத அவருக்கு அதனைக் காட்டி விளக்கியவர் நம் ஃபாபரே. புகழ் இவ்வாறு வந்தது, பொருள் வரவில்லை.

கல்வியமைச்சர் துரூயி வகுத்த திட்டப்படி ஃபாபர் மாலை வகுப்புகள் நடத்தினார். பெண்களும் வந்து கேட்டனர். பூவில் மகரந்தம் சேர்ந்து காய் உண்டாகும் முறையை அவர் விளக்கினார். அதனைப் பெண்கள்முன் கூறியது குற்றம் என்று சிலர் தூற்றினர். வாடகை வீட்டின் உரிமையாளரும் வீட்டைக் காலி செய்யுமாறு பணித்தனர். ஐந்து குழந்தைகளின் தந்தை, கையில் பொருளின்றி, 1870-இல் ஆசிரியத் தொழிலை விட்டு நீங்கினார். அவரோடு செடி தேடித் திரிந்த நண்பரும் ஆங்கில நாட்டு மெய்ப்பொருளறிஞருமாகிய ஜான் ஸ்டூவர்ட் மில், பத்திரம் ஏதும் வாங்காமல் 3000 பிராங்கு அனுப்பி உதவினார். ஆரஞ்ச் நகருக்குப் பெயர்ந்த ஃபாபர், மாணவர்க்குரிய பாடநூல்கள் பல எழுதி உழைத்து, அக்கடனைத் தீர்த்தார்.

1877-இல் மகன் ஜூல் பதினாறு வயதில் இறந்தான். தந்தையைப் போலவே பூச்சியிலும் செடியிலும் நாட்டம் மிக்கவன். காட்டில் துணையாய்த் திரிந்தவன். தாம் புதியனவாகக் கண்ட குளவி வகைகள் மூன்றுக்கு அம்மகன் பெயரை இட்டார் ஃபாபர். பொருளுடையார் கல்லில் நினைவு அமைப்பர். இவர் தமக்குரிய வழியில் அமைத்தார்.

தரிசு நிலம்

1879-இல், ஐம்பத்தைந்தாம் வயதில், செரிஞான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலம் வாங்கினார். கல்லும் முள்ளும் நிறைந்தது, உழுவார் கைவிட்டது. அந்நாட்டு வழக்கில் அத்தகைய தரிசுக்கு ஆர்மா என்று பெயர். பிறர் பயனில்லை என்று ஒதுக்கிய அந்நிலமே அவர் நாற்பதாண்டு விரும்பியது. முள்ளுள்ள இடத்தில் தேனீயும் குளவியும் மிகுதியன்றோ! வீட்டைச் சுற்றி மதில் எழுப்பினார். மலவாலின் புல்வெளியும், வாத்து மேய்ந்த குளக்கரையும் அவருக்கு மீண்டும் கிட்டின. இம்முறை குப்பைமேட்டில் எறியப் பணிப்பார் இல்லை.

அவ்வாண்டிலேயே பூச்சிநூல் நினைவுகள் என்னும் அவர் பெருநூலின் முதற்பகுதி வெளிவந்தது. 1907 வரையில் பத்துப் பகுதிகள் வெளிவந்தன. அவற்றுள் சில செய்திகளை மாத்திரம் ஈண்டுக் குறிப்போம்.

பெரிய அந்துப்பூச்சி ஒன்று கூட்டிலிருந்து வெளிப்பட்டது, பெண், அதனை வலைக்கூண்டில் வைத்தார். அன்றிரவு நாற்பது ஆண்பூச்சிகள் வரையில் இருளில் அவ்வீட்டைத் தேடி வந்து சூழ்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் கம்பளிப்புழுக்களை 1896-இல் ஒரு பெரிய தொட்டியின் விளிம்பில் வட்டமாகச் செல்லவிட்டார். முன்செல்வது என ஒன்று இல்லாமையால், உணவு அணித்தே இருந்தும் ஏழு நாள் அவ்வட்டத்திலேயே சுற்றின. முன்னோர் சென்ற வழி என்று மாத்திரம் செல்வார்க்கு இதனினும் சிறந்த உவமை தேடவேண்டா.

சாணவண்டு உருட்டிச் செல்லும் உருண்டைக்குள்ளேயே அதன் முட்டை உள்ளது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவ்வாறன்று என்பதை ஃபாபர் அறிந்தார். முட்டை எங்கே உள்ளது என்பதை மாத்திரம் பல்லாண்டு தேடியும் கண்டிலர். இறுதியில் அதனைக் காட்டிக் கொடுத்தவன் அவ்வூர் இளம் இடையன் ஒருவன். ஆடு மேய்க்கும்போது வண்டுகளை நோக்குமாறு அவனிடம் சொல்லியிருந்தார். அவன் ஒருநாள் மண்ணைத் தோண்டி, பேரிக்காய் வடிவினதாய் அழகுற அமைந்த சாண உருவம் ஒன்றைக் கொணர்ந்தான். அதன் கழுத்துப்பகுதியில் முட்டை இருந்தது. அறிஞர் பலர் காணாததை ஆட்டிடையன் கண்டது ஏன்? அவன் வெளியில் இருந்தான். கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.

குறையும் நிறையும்

ஃபாபர் முடிபுகள் அனைத்தும் நிலைபெற்றன என்று கூறுதல் நேர்மையன்று. சிள்வண்டு பாடும் மரத்தடியில் ஊர்த் திருவிழாவுக்குரிய வேட்டுக்குழாய்களை வெடித்துப் பார்த்தார். அவை பாட்டை நிறுத்தவில்லை. ஆதலின் அவற்றுக்குச் செவிப்புலன் மிகக் குறைவு என்று கருதினார். சிள்வண்டுக்குக் கேட்கும் உறுப்பு உண்டு என்றும், அது தன் இனத்தின் ஒலிக்கே சிறப்பாக இசைந்தது என்றும் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. உயிர்கள் படிப்படியாக மாறி வந்தன என்னும் டார்வின் கொள்கையையும் அவர் இறுதிவரை ஏற்றிலர். இன்று உயிர்நூலுக்கு அடிப்படை அக்கொள்கையே. கண்ணால் கண்டதையே நம்புதல் அவர் வலிமை. கண்ணுக்கு எட்டாக் காலவோட்டத்தைக் கருதாமை அதன் மறுபுறம்.

முதுமையிலும் வறுமை நீங்கவில்லை. 1910-இல் நண்பர்கள் விழா எடுத்தபின்னரே நாடு அவரை நினைந்தது. 1913-இல் குடியரசுத் தலைவர் புவான்காரே நேரில் வந்து கண்டார். 1915-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், தம் தரிசு நிலத்து வீட்டிலேயே ஃபாபர் உயிர் நீத்தார். 1922-இல் அரசு அந்நிலத்தை வாங்கிற்று. இன்று அது காட்சிசாலை.

முடிவுரை

இனி, எம் குற்றம் ஒன்றைக் கூறி இக்கட்டுரையை முடிப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் யாம் முல்லைநிலக் கருப்பொருளைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். அந்நிலத்து விலங்கும் பறவையும் மரமும் பூவும் இவை இவை என மாணவர் எழுதினர். கடைசி வரிசையில் ஒருவன் தலை குனிந்திருந்தான். சென்று பார்த்தால் கையில் தீப்பெட்டி; உள்ளே கொடுக்காப்புளி இலையின்மேல் பச்சைப் பொன்வண்டு. யாம் அதனை வாங்கிப் பலகணி வழியே எறிந்து, பாடத்தைத் தொடர்ந்தோம். அதுகாறும் வினாக்கள் பல கேட்டுவந்த அம்மாணவன், அதன்பின் எம் வகுப்பில் ஒன்றும் கேட்டிலன். கருப்பொருளைக் கற்பித்த யாமே கருப்பொருளைக் குப்பையில் எறிந்தோம் என்பது, ஃபாபர் வரலாற்றைப் படிக்கும் வரையில் எமக்குத் தோன்றவில்லை.

நம் சங்கத்து அன்பர்கள் பிள்ளைகளின் கல்விக்காக அரும்பாடுபடுகின்றனர், விடுதிகள் நடத்துகின்றனர், பரிசுகள் வழங்குகின்றனர். பூச்சி பார்த்தால் சோறு வருமோ என்று அவர்கள் வினவுதல் இயல்பு. ஃபாபருக்குச் செல்வம் வரவில்லை என்பதை யாம் மறைத்திலோம். ஆயினும், வெளியில் திரிந்த அவர் தேர்விற் பின்தங்கினாரல்லர் என்பதையும் நோக்குக. வெளியிற் செல்லும் பிள்ளைகள் அனைவரும் ஃபாபர் ஆகார். ஒருவன் நல்ல உழவனாவான், ஒருவன் மருத்துவனாவான், ஒருவன் தன் தொழிலுக்கிடையே ஒரு மரத்தின் பெயரை அறிந்து மகிழ்வான். அதுவும் பேறே.

ஆதலின், விடுதிப் பொறுப்பாளர் ஞாயிறுதோறும் பிள்ளைகளை ஏரிக்கரைக்கோ தோப்புக்கோ அழைத்துச் செல்வாராக. பெற்றோர், மாலையில் பிள்ளையின் சட்டைப்பையில் கல்லும் ஓடும் கண்டால், எறியுமுன் அஃது என்ன என்று ஒருகால் வினவுவாராக. எம் வகுப்பில் இப்பொழுது பலகணியோரம் ஒரு சிறு பலகை இட்டுள்ளோம். கொணர்ந்த பொருளை மாணவர் பாடம் முடியும்வரை அதன்மேல் வைக்கலாம். முடிந்தபின் அனைவரும் பார்க்கலாம். சென்ற வாரம் அதில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு இருந்தது. காற்றில் விழுந்தது என்று கொணர்ந்த பையன் கூறினான். அதனுள் சிறிது களிமண் ஒட்டியிருத்தலைக் காட்டி, ஏன் என்று எம்மை வினவினான். இருவரும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.